நாற்பத்தியொரு பச்சை அட்டைகள்

எங்கள் பங்காளிகளில் நாற்பத்தியொரு ஆண்களுக்கு அரசாங்கம் பச்சை அட்டை கொடுத்தது. நாற்பத்தியொன்றும் என் எச்சில். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுகிற கட்டத்தையெல்லாம் தாண்டி வந்தாயிற்று.

நடந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அப்போதுதான் ஆண்வழிப் பதிவேடு கரூர்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. கருத்தரிப்பு மையங்கள் பெட்டிக்கடை மாதிரி தெருவுக்கு ஒன்று பெருகிய பிறகு அரசாங்கம் செய்த ஒரு நல்ல காரியம் அது. நிஜமாகவே நல்ல காரியம், கிண்டலாகச் சொல்லவில்லை. பதினான்கு வயது நிறைந்த ஒவ்வொரு ஆணும் சின்னக் குழாய் ஒன்றில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதில் ஒய் குரோமோசோமை மட்டும் படிப்பார்கள். துண்டு எதுவும் காணாமல் போகவில்லை என்றால் பச்சை அட்டை. போயிருந்தால் மஞ்சள்; அவனுக்குப் பிள்ளை பிறப்பது சிரமமாகலாம், விதைப்பையில் கட்டி வரலாம். மஞ்சள்காரனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விதைப்பையில் ஸ்கேன், பதினெட்டு வயதில் விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கும் வசதி, எல்லாம் இலவசம்.

ஆனால் கல்யாணத் தரகர்கள் அரசாங்கத்தைவிட வேகமானவர்கள். ஆறே மாதத்தில் ஜாதகத்தோடு அட்டை நகலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 'பையன் என்ன படிச்சிருக்கான்' என்ற கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போய், 'பையன் பச்சைங்களா' என்பது முதலிடத்துக்கு வந்தது. ஒய் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது. ஒருவனுக்கு மஞ்சள் என்றால் அவன் அண்ணன் தம்பிக்கு, பெரியப்பன் சித்தப்பன் மக்களுக்கு, அத்தனை பேருக்கும் மஞ்சள். நாம் பங்காளி என்று எதைச் சொல்கிறோமோ அதையே ஆய்வகம் வேறு பெயரில் சொல்கிறது. பக்கத்து ஊரில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் மொத்தமாக மஞ்சள் வாங்கிவிட்டு, முப்பத்தைந்து வயதுப் பையன்களோடு மாவட்டம் மாவட்டமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அடுத்தது நாங்கள்தானோ என்று பயந்தோம்.

குலசாமி கோயில் பொங்கலன்றைக்கு எங்களுக்கு முகாம் போட்டார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடுவது அந்த ஒருநாள்தான். நர்ஸம்மா கோயிலுக்கு வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் வரிசையாக நின்று துப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கும் விருப்பமில்லை. பெயர் ஒட்டிய குழாய்களைத் தட்டில் அடுக்கி உள்ளே அனுப்பிவிட்டார். "நெறச்சு மூடிக் குடுத்துருங்க" என்றார், அவ்வளவுதான்.

மடப்பள்ளிக்குப் பின்னால் ஈஸ்வரமூர்த்தி பெரியப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். கோயில் தர்மகர்த்தா. அவர் சொன்னால் ஏன் என்று கேட்க எங்களில் ஆள் கிடையாது.

"தரணி, நம்மள்ல மூணு புள்ள பெத்தவன் நீ ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் ஒண்ணுக்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனவன். எல்லாக் குழாய்லயும் நீயே துப்பிரு."

"பெரிப்பா, அது தப்புங்க."

"பசங்களுக்குப் பொண்ணு கெடைக்காமப் போறது சரியா?"

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. குலத்திலேயே பழுதில்லாத ஆள் நான்தான் என்று தர்மகர்த்தாவே சொல்லிவிட்டார். தலைகால் புரியவில்லை.

நாற்பத்தியொரு குழாயை ஒரே வாயால் நிரப்புவது எவ்வளவு சிரமம் என்று துப்பிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பத்தாவது குழாயில் நாக்கு வறண்டுவிட்டது. அரை மணி நேரத்துக்கு எதுவும் தின்னக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது விதி. யாரோ ஒரு மகராசன் கிளிமூக்கு மாங்காயைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு முன்னால் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினான். தின்ன இல்லை, பார்க்க மட்டும். அதற்கப்புறம் முப்பத்தியொரு குழாயும் தடையில்லாமல் நிரம்பின. சுற்றிநின்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகன்கள் இருவரும் அவரவர் குழாயில் அவரவரே துப்பட்டும் என்று பெரியப்பா சொன்னார். அது ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒய்யைத் தவிர வேறெதையும் படிக்கக் கூடாது என்பது சட்டம். பங்காளிகளின் ஒய் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் நாற்பத்தியொரு முடிவும் ஒரே மாதிரி வந்ததில் ஆய்வகத்துக்கு ஆச்சரியமில்லை. அடுத்த எட்டு வருஷத்தில் எங்களில் பதினொரு கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு பந்தியிலும் எனக்கு முதல் இலை.

அகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் பேரன். அவன் அப்பா சபரி, எனக்கு அண்ணன் முறை, முப்பத்து நாலு வயதில் வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனான். அப்போது அகரனுக்கு எட்டு வயது, அவன் தங்கை வெண்பாவுக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதிலிருந்து பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பது வரை எல்லாம் இந்தச் சித்தப்பன்தான். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் நான் ஃபோர்மேன். அவனையும் அங்கேயே வரைபடம் போடுகிற வேலையில் சேர்த்துவிட்டேன். அவனுக்கு இப்போது இருபத்து நாலு வயது. எனக்கு மூன்று பிள்ளைகள் என்று ஊர் சொல்லும். என் கணக்கில் எப்போதும் ஐந்து.

இந்த வருஷம் ஆனி மாதம் ஒருநாள், புதிதாகப் பொருத்திய சீட்டில் உட்கார்ந்து அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்திருக்க முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டான். இரண்டு வாரமாக இருமல் வேறு. கைத்தாங்கலாக இறக்கியபோது காதோடு சொன்னான்.

"சித்தப்பா, கீழ ஒரு கட்டி இருக்குதுங்க. ஒரு வருஷம் ஆச்சு."

"ஏண்டா சொல்லலை?"

"வலிக்கலைங்க. இதைப் போயி எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். அப்புறம் நமக்குத்தான் பச்சை அட்டை இருக்குதில்லைங்க. ஒருக்கா கிளினிக்ல காட்டுனேன். டாக்டரும் அட்டையைப் பாத்துட்டு, நீர் கோத்திருக்கும்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு."

அன்றைக்கே திருச்சிக்கு வண்டி எடுத்தேன்.

புற்றுநோய் மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் டாக்டர் ரிஸ்வானா. பள்ளப்பட்டிக்காரர், நாற்பது வயதிருக்கும். ஐந்து நாள் பரிசோதனைகளுக்குப் பிறகு என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"விதைப்பையில ஆரம்பிச்சு வயித்துக்கும் நுரையீரலுக்கும் பரவியிருக்கு. இந்த வகைக் கட்டி மருந்துக்குக் கேக்கும், அதனால நம்பிக்கை இருக்கு. ஆனா ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட வீட்டுக்குப் போயிருப்பார். இப்ப நாலு சுற்று கீமோ. அதுக்கப்புறமும் பத்துக்கு ஏழுன்னுதான் என்னால சொல்ல முடியும்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

"இன்னொண்ணு எனக்குப் புரியலை. இவர் ஒய்ல ஒரு துண்டே இல்லை. ரத்தத்துலயும் பாத்துட்டேன், பிறவியிலயே இல்லை. பதிவேட்டுல பச்சைன்னு இருக்கு. அங்க குடுத்தது யாரோட எச்சில்?"

"என்னுதுங்க" என்றேன். பிறகு மாங்காய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தியொன்று என்றதும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க அகரனுக்கு என்ன வேணும்?"

"சித்தப்பாங்க. அவங்கப்பாவும் நானும் அண்ணன் தம்பி மக்க."

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"அப்பா வழிதானுங்க. பங்காளி."

டாக்டர் திரையில் எதையோ தேடினார். என் அட்டையின் முடிவைத் திறந்து அகரனுடையதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்படின்னா உங்களுக்கும் அந்தத் துண்டு இல்லாம இருக்கணும். உங்களுக்கு முழுசா இருக்கு. அது மட்டுமில்ல, ரெண்டு ஒய்யும் வேற வேற வழி. எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்னாடி பிரிஞ்ச வழி. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்த வம்சத்து ஆண்வழியில வந்தவர் இல்லை. யாருன்னு என்னால சொல்ல முடியாது."

வெட்கமில்லை என்று முதலில் சொன்னேனே, ஒன்றுக்கு மட்டும் உண்டு. அந்த ஒரு நிமிஷம், வழி மாறியது சபரியாக இருக்கட்டும், செத்துப்போன என் பெரியம்மா மேல் பழி விழுந்தால்கூடப் பரவாயில்லை, வெளியே நிற்பவன் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

"மத்தவங்க எல்லாம்?" என்று கேட்டேன்.

"அவங்க இவரோட வழின்னா அத்தனை பேருக்கும் துண்டு கிடையாது. அதனால எல்லாருக்கும் கட்டி வந்துரும்னு இல்லை. பெரும்பாலானவங்களுக்கு வரவே வராது. துண்டு இல்லாம பிள்ளை குட்டியோட நல்லா இருக்கறவங்க எத்தனையோ பேர். சிலருக்கு விந்தணு குறையும். கட்டி வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மூணு மடங்கு. யாருக்கு வரும்னு தெரியாததாலதான் எல்லாருக்கும் ஸ்கேன்."

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க டாக்டர்."

"எனக்கு அதிகாரம் இல்லை. ஒருத்தர் உடம்பு ரகசியத்தை வெச்சு இன்னொருத்தரைக் கூப்பிடக் கூடாதுன்னு சட்டம். அவங்களா வந்து மறுபடி துப்பணும். அவங்களை வரவைக்கறது உங்க கையிலதான் இருக்கு."

சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது அகரனுக்கும் டாக்டர் சொல்லியிருந்தார், என் எச்சில் கதை வரைக்கும். வழி மாறிய விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "இத்தனை வருஷம் உங்க எச்சிலைச் சட்டைப்பையில வெச்சுட்டுத் திரிஞ்சிருக்கேனா சித்தப்பா?" நான் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மத்தியானம் பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போனேன். அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டம். ஆட்களோடு உட்கார்ந்து காய்களை நீளவாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். ஆட்களை அனுப்பச் சொல்லிவிட்டு, அகரனுக்குக் கட்டி என்ற விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க கட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"கீழங்க."

கையிலிருந்த கட்டு சரிந்து காய்கள் மண்ணில் விழுந்தன. அவர் எடுக்கவில்லை.

"சபரிக்கும் அங்கதான்" என்றார்.

"வயித்துலன்னு சொன்னீங்க."

"வேற எதைச் சொல்லச் சொல்ற? சின்னஞ்சிறுசு ரெண்டை வெச்சுட்டு செத்தவனைப் பத்தி ஊரே வாய்க்கு வந்தபடி பேசோணுமா? அன்னைக்கே மதராஸ் டாக்டர் சொன்னாரு, இது வம்சத்துல வர்றதுன்னு. ஒய்யில துண்டு இல்லைன்னாரு."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. "தெரிஞ்சிருந்தா என்னைய எதுக்குத் துப்பச் சொன்னீங்க? நானும் அதே வம்சம்தானுங்களே. மூணு புள்ள பெத்தவன்னா மட்டும் துண்டு வந்துருமா?"

அவர் என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்.

"மூணு புள்ளைக்கோசரம் உன்னையக் கூப்புடலைடா தரணி. உன்னுதுல அந்தக் கோளாறு இருக்காதுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பனுக்குப் பன்னண்டு வருஷம் கொழந்தை இல்லை. சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில, பெத்தவ போயிச் சேந்துட்டா, கேக்க ஆளில்லாத கொழந்தைன்னாங்க. நாலு நாள் கொழந்தை. உங்கப்பன் தொடவே பயந்தான். நாந்தான் வாங்கி மடியில வெச்சுட்டு வந்தேன்."

குலத்திலேயே பழுதில்லாதவன் என்றுதானே என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று எட்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பழுதில்லாமல் போனதற்குக் காரணம், நான் அந்தக் குலமே இல்லை என்பது. என் அப்பா இருந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேன். அவரும் அம்மாவும் செத்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் கொள்ளி வைத்தவன் நான்.

"அகரனையாவது ரகசியமா ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்லைங்க?"

"பச்சை அட்டைக்காரனை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா ஏன்னு கேப்பாங்கல்லடா. கல்யாணம் ஒண்ணு முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்னு..." முடிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் அழுது அன்றுதான் நான் பார்த்தேன். அவர்மேல் கோபப்பட வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அழுது முடித்ததும் தர்மகர்த்தா திரும்பி வந்துவிட்டார். "நீ வெளிய சொல்லாத. பதினொரு கல்யாணம் நடந்திருக்குது, அத்தனையும் நாறிப்போயிரும். உன்ற எச்சில் மட்டும் எப்படி நல்லாருந்துச்சுன்னு கேட்டா உன்ற பொறப்பும் வெளிய வந்துரும். உன்ற ரெண்டு பசங்களும் நாளைக்குக் கோயில்ல எந்தப் பக்கம் நிப்பாங்க? நீயும் நானும் வாயை மூடிக்கிட்டா நீ என்ற தம்பி மகன். அது என்னோட போயிரும்."

வீட்டில் சுபிக்ஷாவிடம் சொன்னேன். என் மனைவி கேட்டு முடிக்கும்வரை கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"சொல்லிருங்க."

"நம்ம பசங்க?"

"நம்ம பசங்களுக்கு அப்பன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லாம விட்டு, நாளைக்கு இன்னொருத்தனை இப்பிடித் தூக்கிட்டு ஓடுனீங்கன்னா, அப்புறம் உங்க மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்காளிகளைக் கோயிலுக்கு வரச்சொன்னேன். பெரியப்பாவும் வந்தார், தூணோரமாகப் பேசாமல் உட்கார்ந்தார். நான் நடுவில் உட்கார்ந்து சொன்னேன். அகரனுக்கு வந்தது என்ன, சபரிக்கு வந்தது என்ன, உங்கள் அட்டை உங்களுடையதில்லை, நாளைக்கே போய்த் துப்புங்கள், கூச்சப்படாமல் தடவிப் பாருங்கள், கட்டி தட்டுப்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒய்யே கிடையாது, அவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை. பெரியவர்கள் முன்னால் பேசக் கூடாத வார்த்தைகளையெல்லாம் பேசினேன்.

பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். நல்ல பையன், பொறியியல் படித்தவன், புத்தி வேலை செய்துவிட்டது.

"எங்களுக்கெல்லாம் துண்டு இல்லைன்னா, உங்களுக்கு மட்டும் எப்படிங்க இருக்குது?"

"நான் தத்து வந்தவன்" என்றேன்.

அதற்கப்புறம் புற்றுநோயை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னைவிட வயதில் சின்னவன் ஒருவன் எழுந்து, "அப்ப நீ யாரு?" என்று கேட்டான். யார் என்ன சாதியோ என்றது ஒரு குரல். போன வருஷம் சாமி பெட்டியைத் தூக்கினானே, தீட்டாகியிருக்குமே என்றது இன்னொன்று. பங்காளிகளின் பெயரெல்லாம் எழுதிய கோயில் நோட்டைக் கொண்டுவந்தார்கள். என் பெயரையும் என் இரண்டு மகன்களின் பெயரையும் அடிக்க வேண்டும் என்றார்கள். தர்மகர்த்தா கையால்தான் அடிக்க முடியும். பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அடித்தார்.

ஆனால் துப்பப் போனார்கள். அது போதும். அந்த வாரத்திலேயே முப்பத்தெட்டு பேர் மறுபடி துப்பினார்கள். முப்பத்தெட்டும் மஞ்சள். ஸ்கேனில் இரண்டு பேருக்குக் கடுகளவு கட்டி தெரிந்தது. எடுத்துவிட்டார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னை யாரென்று கேட்டவன் அந்த இரண்டு பேரில் ஒருவன். அவன் அம்மா சந்தையில் என்னைப் பார்த்து, யாரும் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கும்பிட்டாள்.

பதினொரு கல்யாணத்தில் ஒன்று முறிந்தது, மற்றதெல்லாம் சண்டையோடு நிற்கிறது. நிச்சயம் பேசியிருந்த இடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக நழுவின. மஞ்சள் குடும்பத்துப் பெண் என்று எங்கள் பெண்பிள்ளைகளையும் வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கு ஒய் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஜனங்கள்தான். வெண்பாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடும் போனை எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அகரனைப் பார்க்க என்னால் போக முடியவில்லை. வேறு குலத்தான் இனிமேல் நோயாளிகிட்ட வந்து நிற்க வேண்டாம் என்று பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு சுற்று கீமோ முடிந்துவிட்டது என்று டாக்டரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முடி கொட்டிவிட்டதாம். என் பெயரை நோட்டில் அடித்ததைவிட இப்படி விலகி நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பட்டறையில் அவன் மேசையில் யாரையும் உட்கார விடவில்லை.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். பின்னாலேயே சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர், கையில் பெரிய தாம்பாளம். தேங்காய், பழம், பூ, வெற்றிலை பாக்கு. சுபிக்ஷா பாயை விரித்தாள். என் மூத்த மகன் நிலவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"உக்காருங்க" என்றார் பெரியப்பா என்னிடம். பிறந்து நாலாம் நாளிலிருந்து என்னை 'டா' போட்டே பேசிய மனுஷன்.

தாம்பாளத்தை என் முன்னால் நகர்த்தினார். "சுத்தி வளைக்கலைங்க. நம்ம வெண்பாவை உங்க மூத்தவனுக்குக் குடுக்கலாம்னு வந்திருக்கோம். பையனுக்கு அசல் பச்சை. பொண்ணு உங்க கையில வளந்தது, கொணம் உங்களுக்கே தெரியும். முறைக்கு இப்ப தடையும் இல்லைங்களே."

நோட்டில் பெயரை அடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அது கோபத்தில் செய்தது, ஒருநாள் ஆறும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். பங்காளி வீட்டில் யாராவது பெண் கொடுப்பார்களா? பூவும் பழமுமாக, மரியாதையாக, பெரியப்பா என்னை வெளியாள் என்று முடிவுகட்டிவிட்டார். கிழவர் மனதில் கெடுதல் இல்லை. பேத்தி கரையேற வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"தாத்தா" என்றான் நிலவன். "வெண்பா என்ற தங்கச்சிங்க."

"அதெல்லாம் பழைய முறை, கண்ணு. இப்ப..."

"எது பழைய முறைங்க? ரெண்டு மாசமா அகரனுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போறது யாருன்னு நெனைக்கறீங்க? வெண்பா சமைக்கறா, நான் வண்டியில கொண்டு போறேன். அவன் வாந்தி எடுத்தா நான் துடைக்கறேன். நீங்க நோட்டுல பேரை அடிச்ச அன்னைக்கும் அவ என்னைய அண்ணான்னுதான் கூப்புட்டா. இன்னைக்குக் காத்தாலயும் கூப்புட்டா. உங்க நோட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

இது எனக்கும் தெரியாது. தினமும் வேலை முடிந்து நேரங்கழித்து வருகிறானே என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சுபிக்ஷாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கூட வந்த பெண்களில் ஒருத்தி, "வெண்பாவும் இதையேதான் சொன்னா, அண்ணனைக் கட்டச் சொல்றீங்களான்னு ரெண்டு நாளாச் சாப்பிடலை, பெரியவருதான் கேக்கலை" என்று முணுமுணுத்தாள்.

பெரியப்பா நிலவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாம்பாளத்திலிருந்த பூவையும் வெற்றிலையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பழங்களை மட்டும் சுபிக்ஷாவிடம் கொடுத்தார். "கொழந்தைகளுக்கு அரிஞ்சு குடு" என்றார்.

வாசல்வரை போனவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"இன்னைக்கு அகரனுக்கு மூணாவது சுத்து மருந்து ஏத்தறாங்க. சித்தப்பன் எங்கே, சித்தப்பன் எங்கேன்னு உசுரை வாங்கறான். வண்டியில எடம் இருக்குது. வர்றதுன்னா வாடா."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.